தொடுமிடத்தை ‘இணைவு’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றலை உற்பத்திசெய்யும் மைட்டோகாண்ட்ரியாவும், புரதமும் கொழுப்பும் உருவாகும் சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலையும் உயிரணுவுக்குள் நெருங்கி நிற்கும் இடங்களை (இவற்றை நான் ‘தொடுமிடம்’ என்பேன்) வருங்கால மருந்துகளுக்கான இலக்காக அறிவியலாளர்கள் கருதத் தொடங்கியிருப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் நலப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய செய்தி நம் மொழியில் வருவது அரிது என்பதால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால், கட்டுரை நெடுகிலும் அந்த இடங்கள் ‘இணைவு’ என்று குறிக்கப்பட்டிருந்ததும், இந்த இணைவை வலுப்படுத்தும் மருந்து வந்துவிட்டால் நீரிழிவும் மறதி நோயும் கட்டுக்குள் வந்துவிடும் என்ற தொனியில் கட்டுரை முடிந்ததும் என்னை உறுத்தின. சொல்லில் நேர்ந்த பிழையும் முடிவில் நேர்ந்த பிழையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் எண்ணம். அதை விளக்கவே இக்கடிதம். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் மருத்துவன் அல்லன். ஒரு மருத்துவமனையின் நோய்க்கூற்றியல் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் திசுச் சீவல்களைத் தயாரித்துத் தந்து ஓய்வுபெற்றவன். ஆஸ்மியக் கரைசலில் ஊறிக் கறுத்த திசுத்துணுக்கைப் பிசினில் பதித்து, இறுகவைத்து, வைரக்கத்தியில் சீவும்போது, கத்தியின் விளிம்பை ஒட்டிய சிறு தொட்டித் தண்ணீரில் சீவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாடாவைப் போல மிதந்து வரும். அவை எவ்வளவு மெல்லியவை என்பதை அளவுகோல் வைத்துப் பார்க்க முடியாது. நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளிபோல் மின்னினால் 60 முதல் 90 நானோமீட்டர், பொன்னிறமானால் அதைவிடத் தடிமன், ஊதா தட்டினால் குப்பைக்கு. வெள்ளிச் சீவலை 3 மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலைத்தட்டில் ஏந்தி எடுப்பதற்கு மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். தும்மினால் காலை வேலை முழுவதும் போயிற்று.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வுக்கும் இடையே உள்ள இடைவெளி, அவை மிக நெருங்கி நிற்கும் இடங்களில், ஏறத்தாழ 10 முதல் 25 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அது எத்தனை நுண்ணிய இடைவெளி என்பது விளங்கும். சீவலின் தடிமனோ அந்த இடைவெளியைப்போலப் பல மடங்கு. இரு சவ்வுகளும் சீவலுக்குச் செங்குத்தாக நின்றுவிட்டால் நடுவில் உள்ள இடைவெளி பளிச்சென்று தெரியும். சற்றே சாய்ந்து நின்றாலும் ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழுந்து, இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டதைப் போன்ற கலங்கலான பட்டைதான் படத்தில் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிப்பட்ட ஒரு படத்தை ‘இவை இணைந்துவிட்டன’ என்று நானே குறித்து வைத்தேன். என் மேலாளர் நுண்ணோக்கியில் சீவல் வைக்கும் மேடையைச் சில பாகை சாய்த்துக் காட்டினார். இடைவெளி கண்முன்னே திறந்தது. ஆகவே ‘இணைவு’ என்ற சொல்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தமும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

இரு சவ்வுகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கலந்துவிட்டால் இரண்டும் தத்தம் தன்மையை இழந்துவிடும். மதிலுக்கு அப்பாலும் இப்பாலும் நின்று இரண்டு வீட்டுக்காரர்கள் கிண்ணத்தில் குழம்பைக் கொடுத்து வாங்குவதைப் போன்ற ஏற்பாடு அது. மதில் இடியவில்லை, கை நீளும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த நெருக்கத்தை 1950களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆயினும் நீண்ட காலம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரணுக்களை உடைத்து மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்தெடுக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வலைத் துணுக்குகளைக் ‘கழுவாமல் விட்ட அழுக்கு’ என்றுதான் ஆய்வுக்கூடங்கள் கருதின. கனடாவில் பணியாற்றிய ஜீன் வான்ஸ் அந்த அழுக்கையே எடுத்து ஆராய்ந்து, கொழுப்பு மூலக்கூறுகளைத் தயாரிக்கும் நொதிகள் அதில் செறிந்திருப்பதை 1990இல் வெளியிட்டார். பாஸ்ஃபடிடைல்செரின் என்னும் கொழுப்பு வலையில் உருவாகி, இந்த நெருக்கத்தின் வழியே மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சென்று, அங்கே வேறொரு கொழுப்பாக மாற்றப்படுகிறது. சவ்வுகளைக் கட்டுவதற்கு இந்தப் பண்டமாற்று இன்றியமையாதது.

கொழுப்பைவிட அதிகம் பேசப்படுவது கால்சியம். எண்டோபிளாச வலை கால்சியத்தின் கிடங்கு. மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தைப் பெற்றால் ஆற்றல் உற்பத்தியைக் கூட்டும். அளவுக்கு மீறிப் பெற்றால் அதன் சவ்வில் துளை திறந்து உயிரணுவே மடியும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். இதில் ஒரு புதிர் இருந்தது. கால்சியத்தை உள்ளே இழுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வாயில் மந்தமானது. உயிரணுவின் பொதுவெளியில் சாதாரணமாக நிலவும் அளவுக்கு அது அசைந்து கொடுக்காது. அப்படியிருந்தும் உயிருள்ள அணுவில் மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை நொடியில் விழுங்கியது. இத்தாலிய ஆய்வாளர்களான ரிசுட்டோ, போசான் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் விடை சொன்னார்கள்: வலையின் வாயிலும் மைட்டோகாண்ட்ரியாவும் அருகருகே இருப்பதால், அந்தக் குறுகிய இடுக்கில் மட்டும் கால்சியத்தின் செறிவு பன்மடங்கு உயர்கிறது. வலையின் பக்கம் கால்சியத்தை வெளிவிடும் வாயிலான ஐபி3 ஏற்பி என்ற புரதம், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் விடாக் என்ற துளைப்புரதம், இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவே ஜிஆர்பி75 என்ற புரதம் என்பது 2006இல் தெரிந்தது. உட்சவ்வில் உள்ள அந்த மந்தமான வாயில் எந்தப் புரதம் என்பதை 2011இல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

இனி, ‘வலுப்படுத்துதல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஐபி3 ஏற்பியின் தலைப்பகுதி வலையின் சவ்விலிருந்து ஏறத்தாழ 10 நானோமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது. இடைவெளி அதைவிடச் சுருங்கினால் ஏற்பிக்கு அங்கே நிற்கவே இடமில்லை. நெருக்கம் கூடியும் கால்சியம் போகாது. இடைவெளி அகன்றால் செறிவு சிதறிவிடும். எனவே, நெருக்கம் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று கணக்குப் போட முடியாது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் சோர்டாஷ், ஹாய்னோட்ஸ்கி குழுவினர் 2006இல் செயற்கைப் புரதக் கயிற்றால் இந்த இரண்டையும் இறுக்கிக் கட்டிப் பார்த்தபோது, மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தால் திணறி மரண வாசலுக்குச் சென்றதைப் பதிவுசெய்தார்கள். வலுப்படுத்தியதால் வந்த வினை அது.

நீரிழிவுக்கு வருவோம். சிங்கப்பூரில் ஒருவர் தம் வாழ்நாளில் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று சொல்லித்தான் சுகாதார அமைச்சு 2016இல் அந்நோய்க்கு எதிராகப் போர் அறிவித்தது. இந்தியர்களிடையே அதன் விகிதம் நாட்டின் பொது விகிதத்தைவிட அதிகம் என்பது தங்கள் வாசகர்களுக்குத் தெரியாததன்று. ஆகவே ‘நீரிழிவு கட்டுக்குள் வரும்’ என்ற மூன்று சொற்கள் நம் வீடுகளில் எப்படிப் படிக்கப்படும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவியல் நிலவரம் வேறு விதமாக இருக்கிறது. 2014ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஹார்வர்டில் ஹோட்டமிஸ்லிகில் குழுவினர், உடல் பருத்த எலிகளின் கல்லீரலில் இந்தத் தொடுமிடங்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதையும், அவற்றைக் குறைத்தபோது எலிகளின் சர்க்கரை நிலை சீரடைந்ததையும் கண்டார்கள். பிரான்சின் லியோன் நகரக் குழுவினரோ, இன்சுலினுக்குச் செவிசாய்க்காத எலிகளின் கல்லீரலில் தொடுமிடங்கள் குலைந்திருப்பதையும், அவற்றை மீட்டபோது இன்சுலின் சமிக்ஞை திரும்பியதையும் கண்டார்கள். ஒரே உறுப்பு, ஒரே நோய், நேர் எதிரான இரண்டு முடிவுகள்.

இவர்களில் ஒருவர் பொய் சொன்னார் என்று எண்ணிவிடக் கூடாது. எலியின் வகை, தந்த உணவு, எத்தனை வாரம் தந்தார்கள், தொடுமிடத்தை எந்த முறையில் எண்ணினார்கள் என்பவற்றில் ஒவ்வொன்றும் விடையை மாற்றக்கூடியது. லியோன் குழுவே 2016இல் இன்னொன்றைக் காட்டியது: குளுக்கோஸ் கூடும்போது கல்லீரல் அணுக்களில் தொடுமிடங்கள் இயல்பாகவே குறைகின்றன, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அவை ஒன்றுபோல் இருப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த எலியையும் பட்டினி கிடந்த எலியையும் ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வரலாம். சீவல் வெட்டிய என் பழைய கைகளுக்கு இதில் இன்னொரு கவலையும் தோன்றுகிறது. எத்தனை நானோமீட்டர் வரை இருந்தால் ‘தொடுமிடம்’ என்று எண்ணுவது என்பதை ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறாக வைத்துக்கொள்கிறார்கள். எல்லையை 25இல் வைத்தால் ஒரு விழுக்காடு, 50இல் வைத்தால் வேறொரு விழுக்காடு. படம் அதே படம்தான்.

இந்தக் குழப்பம் கல்லீரலோடு நிற்கவில்லை. மைட்டோஃபியூசின் 2 என்ற புரதம்தான் இரண்டையும் பிணைக்கும் கயிறு, அதை நீக்கினால் நெருக்கம் தளரும் என்று 2008இல் இத்தாலியின் படுவா நகரில் பணியாற்றிய ஸ்கொரானோ எழுதினார். அதை நீக்கினால் நெருக்கம் கூடுகிறது என்று 2015இல் எழுதியவர்களும் அதே படுவா நகரத்துக்காரர்களே. ஒரே ஊரில், ஒரே புரதத்தை வைத்துக்கொண்டு எதிரும் புதிருமான முடிவுகள். மருந்து நிறுவனம் எதை நம்பி முதல் போடும்? ஆல்ஸைமர் என்னும் மறதி நோய் உள்ளவர்களின் அணுக்களில் தொடுமிடச் செயல்பாடு மிகுந்திருப்பதாக நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2012இல் கூறியது. இயக்க நரம்பணுக்கள் அழிந்து தசைகள் ஓயும் ஏஎல்எஸ் நோயிலோ, விஏபிபி, பிடிபிஐபி51 என்ற இரு புரதங்களின் கைகோப்பு விட்டுப்போய் நெருக்கம் தளர்வதாக லண்டனின் கிங்ஸ் கல்லூரிக் குழு 2014இல் காட்டியது. ஒன்றில் இறுக்கம், மற்றொன்றில் தளர்வு. ‘வலுப்படுத்தும் மருந்து’ ஒன்றுக்கு உதவி மற்றொன்றைக் கெடுக்கவும்கூடும்.

அப்படியானால் இலக்கு என்பதே வெறும் பேச்சா? அப்படி நான் சொல்லவில்லை. தொடுமிடத்தில் குடியிருக்கும் புரதங்களில் சிக்மா-1 ஏற்பி என்பது மருந்துகளுக்கு எளிதில் அகப்படுவது. அது அங்கே இருந்து ஐபி3 ஏற்பியைத் தாங்கிப் பிடிக்கிறது என்று ஹயாஷியும் சூவும் 2007இல் கண்டறிந்தார்கள். மனச்சோர்வுக்கும் எண்ணச்சுழற்சி (ஓசிடி) நோய்க்கும் தரப்படும் ஃபுளூவாக்ஸமின்கூட இந்த ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. இதையே முதன்மை இலக்காகக் கொண்ட பிரிடோபிடின் என்ற மருந்து மரபுவழி வரும் மூளை நோயான ஹண்டிங்டன் நோய்க்காக மூன்றாம் கட்டச் சோதனை வரை சென்றது. 2023இல் வந்த முடிவின்படி, சோதனையில் முதன்மையாக எதிர்பார்த்த பலனை அது தரவில்லை.

ஏஎல்எஸ் நோய்க்கான ஏஎம்எக்ஸ்0035 மருந்தின் கதை இன்னும் கசப்பானது, கட்டுரையில் அதற்கு இடம் தந்திருக்கலாம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக மாணவர் இருவரின் எண்ணத்தில் பிறந்தது அது. எண்டோபிளாச வலையின் நெருக்கடியைத் தணிக்க ஒரு பொருள், மைட்டோகாண்ட்ரியாவைக் காக்க மற்றொரு பொருள், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நரம்பணு பிழைக்கும் என்பது கருத்து. இரண்டாவது பொருள் கரடியின் பித்தத்தில் மிகுதியாக உள்ள பித்த அமிலம் என்றால், சீன மருந்துக்கடைகளைக் கடந்து நடக்கும் சிங்கப்பூரருக்கு அது அத்தனை அந்நியமாகத் தோன்றாது. தொடுமிடத்தை நேரடியாகத் தொடும் மருந்து அன்று இது. அதன் இரு கரைகளையும் ஒரே நேரத்தில் தாங்க முயன்றது. 137 பேரிடம் நடந்த முதல் சோதனை நம்பிக்கை அளித்தது. கனடாவும் அமெரிக்காவும் 2022இல் ஒப்புதல் தந்தன. அமெரிக்காவில் ஓராண்டுக்கான அறிவிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 158,000 அமெரிக்க டாலர். பின்னர் 664 பேரிடம் 48 வாரம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2024 மார்ச்சில் வந்தது: ஒப்பீட்டுக்காகத் தந்த மருந்தில்லா வெற்றுப் பொருளுக்கும் மருந்துக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்த மாதமே நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. தோற்றவுடன் விலக்கிக்கொண்ட நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்த மருந்தின்மீது நம்பிக்கை வைத்த குடும்பங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கட்டுரை வெளிவந்த வாரத்தில் எங்கள் புளோக்கில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எனக்கு நான்கு கதவு தள்ளிக் குடியிருக்கும் எழுபதைக் கடந்த அக்கா, நாளிதழைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, மற்றொரு கையில் ஒரு புட்டியோடு வந்தார். மைட்டோகாண்ட்ரியாவுக்கு வலு சேர்க்கும் என்று அச்சிட்ட துணையுணவு. தெரிந்தவர் மூலமாக 89 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது. “பேப்பர்லயே போட்டுட்டாங்க தம்பி, இதைச் சாப்பிட்டா மெட்ஃபார்மினை நிறுத்திடலாமாம்” என்றார். மெட்ஃபார்மின் அவர் நீரிழிவுக்குச் சாப்பிடும் மாத்திரை. கட்டுரையில் எந்தத் துணையுணவின் பெயரும் இல்லை. மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்லி ஒரு வரியும் இல்லை. ஆனால் விற்றவர் கட்டுரையையும் புட்டியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். துணையுணவுகளை இங்கே விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை என்பதையும், நோயைக் குணப்படுத்தும் என்று அவற்றை விளம்பரப்படுத்த அனுமதி இல்லை என்பதையும் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். வாய்வழிச் செய்தியை எந்த விதி தடுக்கும்? “அக்கா, பலதுறை மருந்தகத்துல அடுத்த தடவை போறப்ப புட்டியையும் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுவரைக்கும் மெட்ஃபார்மினை விட்டுடாதீங்க” என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் மின்தூக்கியில் பார்த்தபோது, இரண்டையும் சாப்பிடுவதாகச் சொன்னார். 89 வெள்ளி ஆயிற்றே.

இந்த ஆராய்ச்சி நமக்குத் தொலைவானதும் அன்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில், எண்டோபிளாச வலைக்கும் உயிரணுவின் வெளிச்சவ்வுக்கும் இடையிலான தொடுமிடங்களில் கொலஸ்ட்ரால் எவ்வாறு கைமாறுகிறது என்பதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். அது மைட்டோகாண்ட்ரியாவின் தொடுமிடம் அன்று என்றாலும் கேள்வியின் அடிப்படை ஒன்றே. அடுத்த முறை இத்தலைப்பில் எழுதுமுன் அத்தகைய ஆய்வாளர் ஒருவரிடம், எந்த உறுப்பில், எந்த நோயில், நோயின் எந்தக் கட்டத்தில், கூட்டுவதா குறைப்பதா என்ற நான்கையும் தங்கள் நிருபர் கேட்டு வாங்கிவிட்டால் போதும். கட்டுரையின் முடிவு தானாகவே வேறாகிவிடும். எலியிலா மனிதரிலா என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் எங்கள் அக்காவைப் போன்றவர்களுக்கு நல்லது.

சொல்லைப் பொறுத்தவரை, ‘இணைவு’ என்பதற்குப் பதிலாகத் ‘தொடுமிடம்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. சவ்வுகள் உண்மையில் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை, நடுவே இடைவெளி இருக்கிறது என்று யாரேனும் மறுக்கக்கூடும். அவர்கள் சொல்வதும் சரியே. ‘நெருக்கிடம்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன்; விரைவு ரயிலின் காலை நேரக் கூட்டம் நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன். இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தமிழாசிரியர்கள் தந்தால் ஏற்றுக்கொள்வேன். என் பயிற்சிக் காலத்தில் எலியின் கல்லீரலிலிருந்து நானே சீவி எடுத்த படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் பழுப்பேறிவிட்டது என்றாலும், மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வலையின் சவ்வு வளைந்து செல்வதும் இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெளிறிய கோடு போல் இடைவெளி ஓடுவதும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. திருத்தக் குறிப்பு வெளியிடுவதாக இருந்தால் அந்தப் படத்தை அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
தோ பாயோ, சிங்கப்பூர்